ஒரு ஏற்றத்துக்கு நாற்பத்தாறு சத்தம்

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். பகல் முழுக்கக் காய்ந்த வெயில் அப்போதுதான் இறங்கியிருந்தது. மேற்கே மேகம் கூடியிருந்தாலும் மழை இல்லை. புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று மட்டும் வீசியது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவை ஒட்டிய பொட்டலில், பங்குனித் திருவிழாவுக்கு வந்த ராட்டினங்களில் ஒன்றான டிராகன் ரயில், பதினேழு பேரை வைத்துக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது பெட்டியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். நான் எங்கள் வீட்டு மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கரண்டு போனது.

கரண்டு போனால் ரயில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அது பின்னோக்கி இறங்கத் தொடங்கியது.

ஏன் நிற்கவில்லை என்பது மூன்றே பேருக்குத்தான் தெரியும் என்று அன்றைக்கு நினைத்தேன். ஒருவர் அந்த ராட்டினத்தின் சொந்தக்காரர். இன்னொருவன் என் மைத்துனன். மூன்றாவது ஆள் நான். ஏழரை மணிக்கெல்லாம் ராட்டினக்காரரைப் போலீஸ் அழைத்துக்கொண்டு போய்விட்டது. மற்ற இரண்டு பேரும் வாயைத் திறக்காதவரை குற்றம் முழுவதும் அவர் தலையில்தான் இருக்கும் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

நான் ஒரு நூல் மில்லின் சோதனை அறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன். நூலின் தடிமனைச் சொல்லும் கவுண்ட் சரியாக இருக்கிறதா, ஒரு அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நூலைக் கருவியில் மாட்டி, முறுக்கைப் பிரித்துப் பிரித்து எண்ண வேண்டும். ஒரு நாளைக்கு எண்பது நூல். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. படிக்கட்டு, பஸ்ஸின் ஜன்னல், கல்யாணப் பந்தியில் இலை, குழாயில் சொட்டும் தண்ணீர் என்று எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவேன். எண்ணி முடிக்காமல் எழுந்திருக்க முடியாது. என் மனைவிக்கு அது நாற்பது வருடமாகப் பழகிப்போன எரிச்சல். "எண்ணிட்டீகளா? சம்பளம் எப்பத் தருவாக?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

அந்த வருடம் ஏப்ரல் 2ஆம் தேதி ராட்டினங்கள் ஓடத் தொடங்கின. மாலை ஐந்து மணி முதல் பத்தரை வரை. பெரிய ராட்டினத்தால் எனக்குத் தொந்தரவு இல்லை. அது ஒரே சீராகச் சுற்றும். எண்ண ஒன்றும் இருக்காது. டிராகன் ரயில் அப்படியில்லை. மேட்டில் ஏறும்போதெல்லாம் 'டக், டக், டக்' என்று இரும்பு இரும்பில் அடிக்கும். ஒரு ஏற்றத்துக்கு நாற்பத்தாறு முறை. நாற்பத்தாறாவது அடித்ததும் ஒரு நொடி அமைதி, பிறகு ரயில் சரியும், ஆட்கள் கத்துவார்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

சாப்பாட்டை வாயில் வைத்தால் பதினான்கு. பேப்பரைப் பிரித்தால் முப்பத்திரண்டு. மூன்றாம் நாள் ரத்த அழுத்தம் பார்த்தேன். வழக்கத்தைவிடப் பதினெட்டு கூடியிருந்தது. அன்று திருவிழாக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு ஏற்றத்துக்கு நாற்பத்தாறு, மணிக்குப் பதினொரு ஏற்றம், ஐந்தரை மணி நேரத்தில் இரண்டாயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று என்று கணக்கிட்டு, அதன் கீழே இரட்டைக் கோடு போட்டு, கையெழுத்திட்டு, ஒரு நகலை என்னிடம் வைத்துக்கொண்டேன். மனைவியிடம் வாசித்தும் காட்டினேன். அந்த ஆளும் பிழைக்கத்தானே வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு அவள் அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

கமிட்டியில் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் ராட்டினக்காரரைக் கூப்பிட்டு, ஒன்று சத்தத்தைக் குறை, இல்லையென்றால் எட்டு மணிக்கு நிறுத்து என்று சொல்லிவிட்டார்கள். எட்டு மணிக்கு மேல்தான் அவருக்கு வியாபாரமே. தறி நின்று, குளித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் பொட்டலுக்கு வருவார்கள்.

வியாழக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். மழையை நம்பி இருந்த ஐந்து ஏக்கரில் இரண்டை விற்று, வடக்கே யாரிடமோ பழைய ரயிலாக வாங்கியதாம். பிரித்து இரண்டு லாரியில் ஏற்றி, திருவிழாவுக்குத் திருவிழா கொண்டுபோய்ப் பூட்டுகிறார். அருப்புக்கோட்டை முடிந்தால் மல்லாங்கிணறு, அப்புறம் பரமக்குடிப் பக்கம். நாற்காலியைக் காட்டியும் அவர் உட்காரவில்லை.

"அய்யா, அந்தச் சத்தம் கேக்கணும்னு எனக்கு வித்தவரு சொல்லியிருக்காரு. அது நிக்கக் கூடாதும்பாரு" என்றார்.

"எதுக்கு நிக்கக் கூடாது? காரணத்தச் சொல்லுங்க."

"காரணம் தெரியலங்கய்யா. சத்தம் வந்தா ரயிலு நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"முப்பத்து நாலு வருசம் மில்லுல இருந்தவன் நான். சத்தம் வந்தா மிசினு கெட்டுப் போச்சுன்னு அர்த்தம்."

காரணம் தெரியாத உண்மை ஒன்று அவரிடம் இருந்தது. என்னிடம் வாதம் இருந்தது. வாதம்தான் ஜெயித்தது. அந்த இரண்டு நிமிடப் பேச்சை நான் பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்தேன் என்பது ஒன்றைத்தான் நான் எண்ணி வைக்கவில்லை.

வழி சொன்னவன் என் மனைவியின் தம்பி. விசைத்தறி மெக்கானிக், ஊரில் இருநூறு தறிக்கு மேல் அவன் கை பட்டிருக்கும். எங்கள் வீடுகளில் உள்ளே தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அக்காள் கணவனான என்னை 'பாவா' என்றுதான் கூப்பிடுவான். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பேரும் பொட்டலுக்குப் போனோம். அவன் ரயிலுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தான். முதல் பெட்டியின் அடியிலும் கடைசிப் பெட்டியின் அடியிலும் கை நீளத்துக்கு ஓர் இரும்பு நாக்கு தொங்கியது. மேட்டின் நடுவில், அடியிலிருந்து உச்சிவரை, ரம்பம் மாதிரிப் பல் வெட்டிய இரும்புப் பட்டை. ரயில் ஏற ஏற நாக்கு ஒவ்வொரு பல்லின் மேலும் ஏறித் தாண்டி விழுகிறது. விழும்போது 'டக்'.

"பல்லு மேல நாக்கு விழுந்து அடிக்குது, பாவா. தறியில பிக்கரு அடிக்கிற மாதிரிதான். தோலு குடுத்தா அடங்கிரும்" என்றான்.

விசைத்தறியில் ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடித்து ஓட்டுவது பிக்கர். அது மோதும் இடத்தில் தடித்த தோல் துண்டு வைப்பார்கள். அடியும் குறையும், சத்தமும் குறையும். எங்கள் ஊரில் எந்த மெக்கானிக்கின் பையிலும் அந்தத் தோல் இருக்கும். வேறு ஊராக இருந்தால் யாருக்கும் அது தோன்றியிருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவன் இரண்டு துண்டு வெட்டி, நாக்கின் அடியில் பசை போட்டு ஒட்டி, மேலே கம்பி சுற்றினான். நான் டார்ச் பிடித்தேன். தோலுக்கு நூற்று நாற்பது ரூபாய் ஆனது. அதை நான்தான் கொடுத்தேன்.

சோதித்துப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. காலி ரயிலை மேட்டில் பாதி ஏற்றி மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். ரயில் நின்றது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் நின்றது. நான் தாளில் மூன்று கோடு போட்டேன். ராட்டினக்காரர் மட்டும் தண்டவாளத்தில் கையை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தேன்.

அன்று மாலை ரயில் ஏறியபோது ஜன்னலில் உட்கார்ந்து எண்ணினேன். ஒன்றுகூட இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன். வெள்ளி அறுபது, சனி அறுபது, ஞாயிறு அந்த நேரம் வரை பதினெட்டு. ஆக நூற்று முப்பத்தெட்டு முறை ரயில் சத்தமில்லாமல் ஏறி, சத்தமில்லாமல் உச்சியைத் தாண்டியது. வழியில் ஒரு முறைகூட நிற்க வேண்டிய தேவை வரவில்லை.

என் மனைவி அதுவரை எந்த ராட்டினத்திலும் ஏறியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்கள் ஐந்து பேர் போனபோது அவளும் புடவையை மாற்றிக்கொண்டாள். இந்த வயதில் எதற்கு என்று கேட்டேன். "அந்தக் கடகடச் சத்தம்தான் எனக்குப் பயம். இப்பத்தான் இல்லையே" என்றாள்.

மேட்டில் ரயிலை இழுப்பது ஒரு சங்கிலி. சங்கிலியைச் சுற்றுவது ஒரு மோட்டார். அந்த மோட்டாருக்குத் தனியாகப் பிரேக் கிடையாது. கரண்டு போனால் ரயிலின் பாரத்துக்குச் சங்கிலி பின்பக்கம் ஓடிவிடும். அப்போது பிடிக்கத்தான் நாக்கு. பல்லின் மூலையில் அது முழுசாக இறங்கி உட்கார்ந்தால் எத்தனை டன்னும் தாங்கும். தோல் இருந்ததால் அது முழுசாக இறங்கவில்லை. நுனி மட்டும்தான் பட்டது. காலி ரயிலுக்கு நுனி போதும். பதினேழு பேருக்குப் போதவில்லை. தோல் வழுக்கியது, நாக்கு பல்லைவிட்டு எகிறியது, அடுத்த பல்லிலும் எகிறியது. அப்புறம் எதிலும் நிற்கவில்லை.

நான் ஜன்னலிலிருந்து பார்த்தது இவ்வளவுதான்: விளக்கெல்லாம் அணைந்த பொட்டலில், மிச்சமிருந்த வெளிச்சத்தில், டிராகன் தலை பின்வாங்கிப் போனது. கத்தல் வழக்கமாக வரும் இடத்தில் வரவில்லை. ராட்டினக்காரர் பிளாட்பாரத்தில் இருந்த பிரேக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். கீழே வந்த ரயில் பாதி வேகம் குறைந்து, பின்னால் அடுக்கியிருந்த டயர்களில் மோதி நின்றது. அவர் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பார்க்க வந்த எஞ்சினியர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐந்து பேருக்கு அடி. பாலவனத்தத்திலிருந்து திருவிழாவுக்கு வந்த ஒருவருக்கு முன்பல் இரண்டு போனது. என் மனைவிக்கு இடது காறை எலும்பு முறிந்தது. ராட்டினக்காரரின் உள்ளங்கைத் தோல் உரிந்து கம்பியில் ஒட்டியிருந்தது. அந்தக் கையோடுதான் அவர் ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். என் மனைவியை இறக்கும்போது, "பெரியம்மா, மெதுவா, மெதுவா" என்று சொன்னாராம்.

அரசு மருத்துவமனையில் எட்டு மணிக்குக் கட்டுப் போட்டு அவளைக் கட்டிலில் கிடத்தினார்கள். வார்டில் மின்விசிறி ஒன்பது, ஓடியது ஆறு. வந்தவர்கள் எல்லாரும் ராட்டினக்காரரைத் திட்டினார்கள். துருப்பிடித்த சாமானைக் கொண்டுவந்து ஊரைக் கொல்லப் பார்த்தான் என்றார் ஒருவர். கமிட்டியில் ஒருவர் என் தோளைத் தொட்டு, நல்லவேளை சார், நீங்க அன்னைக்கே அந்த ரயில்ல ஏதோ கோளாறுன்னு எழுதுனீக, நாங்கதான் சரியா கவனிக்கல என்றார். அந்தக் கடிதம் என்னைக் காப்பாற்றும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே எங்கோ ஒரு மூலையில் ஆறுதலாகவும் இருந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுதிப் பயனில்லை.

கூட்டம் போன பிறகு மனைவி கண்ணைத் திறந்தாள்.

"அவுக எங்க?"

"யாரு?"

"ராட்டினக்காரவுக."

"ஸ்டேசன்ல."

"நீங்க சொல்லிட்டீகளா?"

காலையில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் தூங்கு என்றேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"எண்ணத் தெரிஞ்ச ஆளுதான? ரயிலுக்கு அடியில போனது மூணு பேரு. உள்ள இருக்கது ஒருத்தரு."

வலியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு மைத்துனன் வந்தான். முகம் கழுவாமல் வந்திருந்தான். நான் மேஜையில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குச் சொந்தமாக நான்கு தறி; அதில் இரண்டு பாங்க் கடனில் ஓடுகிறது. மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம் பேசியிருக்கிறது. இதையெல்லாம் அவன் சொல்லாமலேயே எனக்குத் தெரியும். ஆனாலும் சொன்னான். நான் கேட்டேன்.

"பாவா, தோலு தேஞ்சு எரிஞ்சு போயிருந்தா ஒண்ணுமே தெரியாது. நீங்க வாயத் தொறக்காதீக."

"அது அங்கதான் இருக்கு. இன்னைக்கு எஞ்சினியரு வந்து பாப்பாரு."

"பாத்தா ராட்டினக்காரன் வச்சான்னு நெனப்பாக."

"அதனாலதான் எழுதுறேன்."

சத்தத்தை நிறுத்தச் சொன்னது நான், அது கூடாது என்று அவர் சொல்லியும் கேட்காதது நான், டார்ச் பிடித்தது நான், தோலுக்குப் பணம் கொடுத்தது நான் என்று நான்கு வாக்கியம் எழுதியிருந்தேன். ஐந்தாவதாக, தோலை ஒட்டியவர் என் உறவினர், பெயர் கேட்டால் சொல்வேன் என்று எழுதினேன். அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

ஸ்டேஷனில் ராட்டினக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் கட்டு. யாரோ வாங்கிக் கொடுத்த டீ பக்கத்தில் ஆறிக்கிடந்தது. டம்ளரைப் பிடிக்க அவரால் முடியவில்லை. நான் தோலைப் பற்றி நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"காசு குடுத்தவுக என் ரயில்லதான ஏறுனாக, அய்யா. அடுத்தவுக பேரச் சொல்லி என்ன செய்ய?"

எழுத்தர் என் தாளை இரண்டு முறை வாசித்தார். இதை வாங்கிக்கொண்டால் உங்கள் மேலும் வழக்கு வரும், வயது என்ன என்று கேட்டார். எழுபத்தொன்று என்றேன். டீ டம்ளரை எடுத்து ராட்டினக்காரரின் வாயில் வைத்தேன். அவர் நான்கு மடக்குக் குடித்தார். பதினொன்று இருபதுக்கு மைத்துனன் தானாக வந்தான். மீதித் தோல் துண்டை எழுத்தரின் மேஜைமேல் வைத்து, "இதே தோலுதான் சார். வெட்டுனது நான்" என்றான். என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஏழு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. மகள் கல்யாணம் மட்டும் குறித்த தேதியில் நடந்தது. எங்களைக் கூப்பிட்டான், நாங்கள் போனோம்.

பொதுப்பணித் துறையிலிருந்து வந்த எஞ்சினியர் பட்டையில் பல் பல்லாக விரலை வைத்துப் பார்த்தார். கரண்டு போனபோது ரயில் முப்பத்தொன்றாவது பல்லில் இருந்திருக்கிறது. அங்கிருந்து கீழே ஒன்பது பல்லின் முனை மழுங்கியிருந்தது. அது ஒவ்வொன்றும் நாக்கு பிடிக்கப் பார்த்து முடியாமல் போன இடம். தோலை நீக்கினால் நாக்கு நல்ல நிலையில்தான் இருக்கிறது, மற்ற பராமரிப்பிலும் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு பக்கத் தாளும் என் ஐந்து வாக்கியமும் இருந்ததால் அன்று மாலையே ராட்டினக்காரரை ஜாமீனில் விட்டார்கள். வழக்கு மூன்று பேர் மேலும் நடந்தது. அருப்புக்கோட்டைக் கோர்ட்டில் ஆறு வாய்தா. மூன்று பேருக்கும் அபராதம். ரயிலைத் திரும்ப ஓட்டக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அந்த வருடக் கடைசியில் மகள் வீட்டுக்குச் சென்னை போயிருந்தபோது, ஊருக்கு வெளியே உள்ள ஒரு பெரிய பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனேன். மனைவி நிழலில் உட்கார்ந்துகொண்டாள். அங்கே இருந்தது எங்கள் ஊர் ரயிலைவிட ஆறேழு மடங்கு உயரம். தலைகீழாகச் சுற்றும் வளையம் வட்டமாக இல்லாமல் கண்ணீர்த் துளி மாதிரி மேலே ஒடுங்கியிருந்தது. அடியில் வேகம் அதிகம், வளைவும் குறுகலாக இருந்தால் கழுத்து தாங்காது, அதனால்தான் அப்படி என்று பராமரிப்பு மேற்பார்வையாளர் சொன்னார். நான் நச்சரித்துக் கேட்கக் கேட்க அவர் பொறுமையாகச் சொன்னார். வேலை செய்கிறவர்களிடம் நல்ல கேள்வி கேட்டால் சொல்வார்கள்.

அந்த ரயிலிலும் எஞ்சின் கிடையாது. உச்சியில் வாங்கிய உயரத்தைத்தான் வழியெல்லாம் செலவழிக்கிறது. அதனால் முதல் மேட்டைவிட உயரமான மேடு அப்புறம் எங்கும் வராது. ஒவ்வொரு பெட்டியின் சக்கரமும் குழாய் வடிவத் தண்டவாளத்தை மேலே, பக்கத்தில், அடியில் என்று மூன்று பக்கமும் கவ்வியிருக்கிறது. பிரேக்கில் தேய்கிற கட்டையே இல்லை. பெட்டியின் அடியில் உள்ள செம்புத் தகடு காந்தங்களுக்கு இடையே போகும். ஒன்றையொன்று தொடாமலே வேகம் அடங்கும். அதற்குக் கரண்டு வேண்டாம். ஊரே இருட்டானாலும் பிடிக்கும். பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயிலுக்குமேல் விடுவதில்லை. எந்த ரயில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பெட்டி பெட்டியாக எண்ணிக்கொண்டே இருக்க இரண்டு கணினி. இரண்டும் தனித்தனியே எண்ணும். இரண்டின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால் எது சரி என்று யாரும் வாதம் பண்ணுவதில்லை. ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

வாழ்நாள் முழுக்க நான் தனியாகவே எண்ணியவன்.

பிறகு, மேட்டில் ஏறும்போது ஏன் சத்தமில்லை என்று கேட்டேன். நாக்கு இருக்கிறது, ஆனால் ரயில் முன்னால் போகும்வரை ஒரு காந்த அமைப்பு அதைப் பல்லில் படாமல் தூக்கி வைத்திருக்கும், ரயில் நின்ற கணமே நாக்கு விழுந்து பிடித்துக்கொள்ளும் என்றார். அப்படியானால் சத்தத்தை நிறுத்த வழி இருந்திருக்கிறது. அது நூற்று நாற்பது ரூபாய் வழி இல்லை, அவ்வளவுதான்.

தினமும் காலையில் ஆட்கள் பாதை நெடுக நடந்து போல்ட்டுகளைத் தட்டிப் பார்க்கிறார்கள். முதலில் ரயிலைக் காலியாக ஓட்டுகிறார்கள். பாரம் ஏற்றிச் சோதிக்க வேண்டிய நாளில், ஆள் உருவத்தில் செய்த பைகளில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு இருக்கையிலும் பெல்ட் போட்டு உட்கார வைத்து ஓட்டுகிறார்கள். ஒரு கொட்டகையில் அவை வரிசையாகச் சாய்ந்து கிடப்பதைக் காட்டினார். இருபத்து நான்கு பொம்மை. தலை இல்லை, முகம் இல்லை. மனிதனின் எடை மட்டும் இருந்தது. எங்கள் பொட்டலில் நான் மூன்று கோடு போட்ட தாள் நினைவுக்கு வந்தது. மூன்று சோதனையும் காலி ரயிலில் செய்தோம். சோதனைக்கு யாரையாவது ஏறச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியிருந்தால், நானே ஏறியிருப்பேனா? ஏறியிருக்க மாட்டேன். பயந்தவன் நான். அதனால்தான் அந்த எண்ணமே வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த பங்குனியில் ராட்டினக்காரர் வந்தார். நாக்கு இரண்டும் புதிது, பல் பட்டையும் புதிது; மோட்டாருக்கும் தனிப் பிரேக் வைத்திருந்தார். கட்டு இல்லாத கையில் வழுவழுவென்று தழும்பு. வாசலில் நின்றபடியே பேசினார்.

"அய்யா, இந்த வருசம் சத்தம் இருக்கும். பரவால்லையா?"

"இருக்கட்டும்."

"கொஞ்சம் கூடவே இருக்கும். இரும்பு புதுசு."

அவர் சிரித்தாரா என்பது எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் மாலை நானும் மனைவியும் பொட்டலுக்குப் போனோம். ஏறுவது என்று முதலில் சொன்னவள் அவள்தான். இரண்டாவது பெட்டி. அவள் வலது பக்கம் உட்கார்ந்தாள். இடது தோள் என் பக்கம் இருக்கட்டும் என்றாள். கம்பியை இறக்கிப் பூட்டினார்கள். ராட்டினக்காரர் தானே வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். ரயில் கிளம்பியது. நான் வாய்விட்டு எண்ணினேன். இருபதுக்கு மேல் அவளும் சேர்ந்து எண்ணுவது காதில் விழுந்தது. முப்பதில் என் கையைப் பிடித்தாள். முப்பத்தொன்று அடித்தது. முப்பத்திரண்டு அடித்தது. நாற்பத்தாறுவரை இரண்டு பேரின் எண்ணிக்கையும் ஒத்துப்போனது. உச்சியில் ஒரு நொடி நின்றபோது எங்கள் வீட்டு மாடி ஜன்னல் தெரிந்தது. விளக்கை அணைக்காமல் வந்திருந்தோம்.

இறங்கியதும் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தேன். வேண்டாம் என்றார். கையில் திணித்தேன். வாங்கிக்கொண்டார். ஆளுக்கு எண்பது, இரண்டு பேருக்கு நூற்று அறுபது. தோலுக்குக் கொடுத்த நூற்று நாற்பதில் தொடங்கி, மனைவியின் எலும்புக்கு மதுரையில் வைத்த தகடு, பாலவனத்தத்துக்காரரின் பல், மற்ற மூன்று பேரின் வைத்தியம், புதிய நாக்கும் பட்டையும், அவருக்கு ஓடாமல் போன நாட்கள், மூன்று பேரின் அபராதம், வக்கீல் என்று எல்லாம் போய், இந்த நூற்று அறுபதோடு முடிகிறது. அந்தச் சத்தத்தை நிறுத்தப்போய் ஆன செலவு, மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரத்து நானூற்று எழுபது ரூபாய்.